குரோதர் வழியே மூவாருக்கு

ஆஸ்திரேலியாவின் யங் நகருக்குச் செர்ரிப் பழத்தால்தான் பேர். நவம்பர் கடைசியில் போனால் ஊருக்கு வெளியே சாலையோரக் கொட்டகைகளில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். சில தோப்புகளில் காசைக் கட்டிவிட்டு, வாளியோடு உள்ளே போய் நாமே பறித்துக்கொள்ளலாம். பறிக்கும்போது தின்பதை யாரும் கேட்பதில்லை. நானும், கான்பெராவிலிருந்து வண்டி ஓட்டி வந்த நண்பரும் அந்தச் சலுகையை நன்றாகவே அனுபவித்தோம். ஆனால் நான் வந்தது பழத்துக்காக அல்ல. 1934-இல் கென்யாவிலிருந்து குடிபெயர்ந்து, இந்த வட்டாரத்தில் நிலம் வாங்கி ஆட்டுப் பண்ணை வைத்து, நடுவில் போருக்குப் போய்ச் சிறைப்பட்டு, பிழைத்துத் திரும்பி மறுபடி பண்ணை பார்த்த ஒருவரின் பூமியைப் பார்க்க வந்தேன். சார்லஸ் ஆண்டர்சன் என்று பெயர். மலேசியாவில் மூவாரிலிருந்து யோங் பெங் போகும் சாலையில் பயணம் செய்தபோதுதான் அந்தப் பெயர் எனக்குத் தெரியவந்தது. 1942 ஜனவரியில் அந்தச் சாலையில் நடந்ததைச் சொல்ல வந்தவர்கள் யாரும் அவரைச் சொல்லாமல் விட்டதில்லை.

அவருடைய பண்ணை இருந்த குரோதரை ஊர் என்பதைவிட வட்டாரம் என்பதே சரி. அலையலையாக மேடுகள், அறுவடைக்கு முற்றிய கோதுமை, நடுநடுவே வெளுத்த புல்வெளி, அதில் அங்கங்கே ஒற்றை யூகலிப்டஸ் மரம். வெயில் ஏறிவிட்டால் ஒரு மந்தை முழுக்க அந்த ஒரு மரத்து நிழலில் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறது. நம் பக்கத்துக் கீதாரி ஆட்டோடு ஊர் ஊராக நடப்பார்; நிலம் யாருடையதோ, ஆடு மட்டும் அவர் பொறுப்பு. இங்கே நடக்கும் வேலையே கிடையாது. நிலம், கம்பி வேலி, தண்ணீர்த் தொட்டி, ஆடு எல்லாம் ஒருவருக்கே சொந்தம். இப்படிப்பட்டவர்களை கிரேசியர் என்பார்கள். நம் கணக்கில் பண்ணையார். உள்ளூர்ச் சங்கம், அரசியல் கட்சி, ஊர்க்காவல் படை எல்லாவற்றிலும் முன்வரிசை நாற்காலி அவர்களுடையது. ஆண்டர்சன் வாங்கிய ஃபெர்ன்ஹில் பண்ணை 2,300 ஏக்கர். கேட்டால் நமக்கு மூச்சு முட்டும். நண்பரோ, "இந்த ஊர்க் கணக்குக்கு அது ஒண்ணும் பெரிசில்லீங்க" என்று சொல்லிவிட்டார்.

நண்பருக்குத் தெரிந்த ஒருவரின் பண்ணை வழியில் இருந்தது. நாங்கள் போன நேரம், பட்டியில் மருந்து புகட்டிய பெட்டை ஆடுகளை வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். அரைக் கதவு திறந்திருக்கிறது. வாசலில் கிழவர் நிற்கிறார். செம்பழுப்பு நிற கெல்பி நாய் ஒன்று பின்னாலிருந்து நெருக்க, ஆடுகள் இரண்டும் மூன்றுமாகத் துள்ளிக் குதித்து வெளியேறுகின்றன. எதுவும் இல்லாத இடத்தில் எதையோ தாண்டுவதுபோல ஒவ்வொன்றும் ஒரு துள்ளல். கிழவரின் உதடு அசையவில்லை. இடுப்போரம் இரண்டு விரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மும்மூன்றாக எண்ணுகிறார். நூறு ஆனதும் ஒரு குரல். மகன், தூசி படிந்த வண்டிக் கதவில் விரலால் ஒரு கோடு இழுக்கிறான். நாலு கோடும் சொச்சமும் வந்தது. இரண்டு குறைகிறது என்றார். மகன் மறு பேச்சு பேசாமல் பின்பக்கம் போய்ப் பார்த்து, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியிருந்த இரண்டையும் இழுத்து வந்தான். ஒவ்வொரு தடவையும் இப்படி எண்ணுவீர்களா என்று கேட்டேன். "எண்ணாமல் விட்டால் வேலி அறுந்தது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அந்த வாசலில் நின்றுதான் ஆண்டர்சனின் கதை எனக்கு ஒழுங்காகப் பிடிபட்டது என்று தோன்றுகிறது.

அவர் பிறந்தது 1897-இல், கேப் டவுனில். அப்பா ஆங்கிலேயர், அம்மா பெல்ஜியத்துக்காரர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நைரோபிக்குப் போய்விட்டது. நடுவில் இங்கிலாந்தில் படிப்பு. முதல் உலகப் போரில் கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைபிள்ஸ் என்ற படையில் சேர்ந்து, ஆப்பிரிக்கச் சிப்பாய்களோடு ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் புதர்க்காட்டில் அலைந்தார். மிலிட்டரி கிராஸ் கிடைத்தது. போர் முடிந்தபின் கென்யாவில் விவசாயம், வேட்டை. 1931-இல் எடித் டவுட் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அவருடைய பிறந்த வீடு யங் பக்கம். மூன்று வருடத்தில் மாப்பிள்ளையும் மாமனார் ஊருக்கே வந்துவிட்டார்.

1939-இல் உள்ளூர்ப் பகுதிநேரப் படையில் சேர்ந்தபோது அவருக்கு 42 வயது. படத்தில் மூக்குக் கண்ணாடியும் அடக்கமான முகமுமாக, பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்போலத்தான் இருக்கிறார். போருக்கு அவர் போன 2/19-ஆவது பட்டாலியனின் ஆட்கள் பெரும்பாலும் ரிவெரினா பக்கத்துக் கோதுமை, ஆட்டு நாட்டுக்காரர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியைப் பார்த்து வளர்ந்தவர்கள். 1941 பிப்ரவரியில் குவீன் மேரி கப்பலில் சிங்கப்பூரில் இறங்கி, மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துக்குள்ளும் காட்டுக்குள்ளும் வந்து நின்றபோது, பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்குக் காட்டைப் பழக்கியவர் ஆண்டர்சன். காடு எதிரிக்கு மட்டும் மறைவிடம் அல்ல, நமக்கும்தான் என்பதை அவர் ஆப்பிரிக்கச் சிப்பாய்களிடம் கற்றிருந்தார். அன்றைய பிரிட்டிஷ் தளபதிகள் பலர் மலாயாவின் காட்டைக் கடக்க முடியாத சுவராக நினைத்துச் சாலையையே நம்பியிருந்த காலம் அது. 1941 ஆகஸ்டில் பட்டாலியன் அவர் கைக்கு வந்தது.

மூவாரிலிருந்து பக்ரி, பாரிட் சூலோங் வழியாக யோங் பெங் போகும் சாலை இன்று கூட்டரசு நெடுஞ்சாலை 24. இரண்டு பக்கமும் செம்பனை. சாலையை விட்டு இறங்கினால் கால்வாய், அதற்கப்பால் சதுப்பு. எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்திப் போக வழி கிடையாது. பொறுமை போய்விடுகிறது. இதே அகலமில்லாத மேட்டுச் சாலையில்தான் ஆண்டர்சனின் வண்டி வரிசை சிக்கிக்கொண்டது.

1942 ஜனவரி 15 இரவு தொடங்கி ஜப்பானின் ஏகாதிபத்தியக் காவல் படை மூவார் ஆற்றைக் கடந்தது. ஆற்றைக் காத்தது 45-ஆவது இந்தியப் படையணி: ராஜபுதன, கர்வால், ஜாட் பட்டாலியன்கள். பாலைவனப் போருக்கென்று திரட்டப்பட்டு, அரைகுறைப் பயிற்சியோடு மலாயாவுக்குத் திருப்பிவிடப்பட்ட பையன்கள். பலருக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. ஆஸ்திரேலியர் எழுதிய கதைகளில் இவர்கள் 'சிதறிப்போன இந்தியர்கள்' என்று ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அந்த வரியில் உடன்பாடில்லை. மரத்தையே அதிகம் பார்க்காமல் பயிற்சி பெற்றவனைக் கொண்டுவந்து காட்டில் நிறுத்தியவன் சிதறவில்லை, நிறுத்தப்பட்டவன் சிதறினான்.

18-ஆம் தேதி ஆண்டர்சன் பட்டாலியனோடு பக்ரிக்கு வந்து சேர்ந்தார். முன்பே வந்திருந்த 2/29-ஆவது பட்டாலியனும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்காரர்களும் அன்று காலை சாலையில் வரிசையாக வந்த ஜப்பானிய டாங்கிகளைத் தீர்த்துக்கட்டியிருந்தார்கள். அந்தப் பட்டாலியனின் தளபதி அன்றே இறந்தார். மறுநாள் படையணித் தலைமையகத்தின் மேல் குண்டு விழுந்து அதிகாரிகள் பலர் மடிந்தார்கள். எஞ்சியதெல்லாம் குரோதர் பண்ணைக்காரரின் பொறுப்புக்கு வந்தது. பின்னால் சாலையை எதிரி அடைத்துவிட்டான். 20-ஆம் தேதி விடியலில் காயம்பட்டவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு பாரிட் சூலோங் நோக்கி நகரத் தொடங்கினார்கள். இருபத்து நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. இன்று லாரிக்குப் பின்னால் ஊர்ந்தாலும் அரை மணி நேரம். அவர்களுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தது.

சாலைக்குக் குறுக்கே மரத்தடிகளும் வண்டிகளும் போட்டு, இருபுறமும் இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தான் எதிரி. ஓர் அடைப்பைத் தாண்டினால் அடுத்தது. ஒன்றில் ஆண்டர்சனே முன்னால் போய்க் கையெறி குண்டு வீசி இரண்டு துப்பாக்கி நிலைகளை ஒழித்தார். 44 வயது பட்டாலியன் தளபதி செய்ய வேண்டிய வேலையல்ல அது. பின்னால் வந்தவர்கள் துப்பாக்கிமுனைக் கத்தியும் கோடரியுமாக 'வால்ட்ஸிங் மெட்டில்டா' பாடிக்கொண்டு பாய்ந்தார்கள். பண்ணையாருடைய ஆட்டைத் திருடியவனின் பாட்டு அது. முன்னால் போனவரோ ஆட்டுப் பண்ணைக்காரர். படையணியின் தலைவர் டங்கனும் அன்று ஒரு பாய்ச்சலில் இறந்தார்.

பாரிட் சூலோங்கில் சிம்பாங் கிரி ஆற்றின் மேல் பாலம். காவலுக்கு நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்கள் முன்பே விலகிப் போயிருந்தார்கள். பாலம் ஜப்பானியர் கையில். இன்று இருப்பது வேறு பாலம். அதன் மேல் நின்று பார்த்தால் ஆறு ஒன்றும் அகலமில்லை, சேற்று நிறத்தில் மெதுவாக ஓடுகிறது. அக்கரைக்குக் கல்லெறியலாம் என்று தோன்றும். அன்று அங்கே போகத்தான் வழியில்லை.

21-ஆம் தேதி மாலை ஆண்டர்சன், சாகக் கிடந்தவர்களை ஏற்றிய இரண்டு ஆம்புலன்ஸ்களைப் பாலத்துக்கு அனுப்பினார். வழிவிடும்படி கேட்டார். எல்லோரும் சரணடைந்தால் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் ஜப்பானியர். அவர் மறுத்தார். ஆம்புலன்ஸ்கள் திரும்பக் கூடாது, பாலத்திலேயே அடைப்பாக நிற்கட்டும் என்று துப்பாக்கியைக் குறிவைத்தார்கள். இருட்டியபின், தானே காயம்பட்டிருந்த ஒரு லெப்டினன்டும் இன்னொருவரும் பிரேக்கைத் தளர்த்திவிட, பாலத்துச் சரிவில் இரண்டு வண்டிகளும் சத்தமில்லாமல் பின்னோக்கி உருண்டு, தங்கள் பக்கம் வந்து சேர்ந்தன. 22-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து வந்த விமானங்கள் கொஞ்சம் உணவும் மார்ஃபியாவும் போட்டன. துணைக்கு வருவதாக இருந்த படை வரவில்லை. அன்று காலை ஒன்பது மணிவாக்கில், பீரங்கிகளையும் வண்டிகளையும் நாசம் செய்துவிட்டு, நடக்க முடிந்தவர்கள் சதுப்புக்குள் இறங்கித் தப்பிப் போகலாம் என்று ஆண்டர்சன் உத்தரவிட்டார்.

நடக்க முடியாதவர்கள் லாரிகளிலேயே இருந்தார்கள்.

ஆண்டர்சனுக்கு விக்டோரியா கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் கையெறி குண்டைச் சொல்வார்கள். எனக்கு அந்த ஒன்பது மணி உத்தரவுதான் பெரிதாகத் தெரிகிறது. இருபத்து நாலு கிலோமீட்டர் காயம்பட்டவர்களை விடாமல் சுமந்துவந்தவர், சரணடைய மறுத்தவர், கடைசியில் அவர்களை எதிரியின் கருணைக்கு விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. அவர் தவறு செய்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்திருந்தால் எல்லோரும் போயிருப்பார்கள். ஆனால் சரியாகச் செய்தார் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகவும் இருக்க முடியவில்லை. லாரிகளில் கிடந்தவர்களை ஜப்பானியர் ஒரு கட்டடத்துக்குள் அடைத்து, அடித்து, மாலையில் கட்டிச் சுட்டு, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியர், 40 இந்தியர். செத்தவன்போலக் கிடந்து தப்பிய லெப்டினன்ட் பென் ஹேக்னி சொன்ன சாட்சியத்தால்தான் உலகுக்குத் தெரிந்தது. காவல் படையின் தளபதி நிஷிமுராவை ஆஸ்திரேலியர் 1951-இல் மானுஸ் தீவில் தூக்கிலிட்டார்கள்.

யோங் பெங்கில் தலை எண்ணினார்கள். ஏறத்தாழ 500 ஆஸ்திரேலியர், 400 இந்தியர் வந்து சேர்ந்திருந்தார்கள். சண்டைக்குப் போனவர்கள் நாலாயிரத்துக்கும் மேல்.

விக்டோரியா கிராஸ் அறிவிப்பு பிப்ரவரி 13-இல் வெளியானது. 15-இல் சிங்கப்பூர் விழுந்தது.

மலேசியப் பயணத்தில் மூவார்ச் சாலையில் ஒரு கடையில் தேநீர் குடிக்க நிறுத்தியிருந்தேன். தோசையும் ரொட்டி சானாயும் ஒரே கல்லில் போடும் கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் போரைப் பற்றிக் கேட்டேன். வெள்ளைக்காரன் சண்டை அவருக்குக் கேள்விதான். "ஜப்பான்காரன் காலம்னாலே எங்க வீட்டுல சயாம் ரயிலுதான் தம்பி" என்றார். அவருடைய பாட்டனாரை ரப்பர்த் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போனார்களாம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் கூலி என்று சொல்லியிருக்கிறார்கள். அவரோடு எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? ஒரு லயம் பூரா போச்சுன்னு பாட்டி சொல்லும்."

அதே ரயில்தான். 1942 மே மாதம் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து பர்மாவுக்குப் போன 3,000 ஆஸ்திரேலியக் கைதிகளில் ஆண்டர்சனும் ஒருவர். முதலில் விமானத் தளம் போடும் வேலை, பிறகு தான்பியூசாயட்டிலிருந்து சயாம் நோக்கி ரயில் பாதை. அங்கே தண்டவாளம் போடும் பிரிவுகளில் ஒன்றுக்கு 'ஆண்டர்சன் படை' என்றே பெயர். அந்தக் கைதிகளுக்கெல்லாம் தலைவர் பிரிகேடியர் ஆர்தர் வார்லி. அவரும் ஆட்டு நாட்டுக்காரர், இன்வெரெல் ஊரில் கால்நடை முகவர். இந்த இரண்டு பேருக்கும் எண்ணும் பழக்கம் இருந்தது என்று நான் சொன்னால் கற்பனை என்பார்கள். ஆனால் வார்லி நாட்குறிப்பு எழுதினார். தன்னை ஜப்பானுக்குக் கப்பலேற்றும் முன் அதைத் தான்பியூசாயட்டில் ஒரு கல்லறையில் புதைத்து வைக்கச் செய்தார். 1944-இல் கப்பல் மூழ்கி அவர் இறந்தார், நாட்குறிப்பு தப்பியது. யார், எந்த முகாமில், எந்த நோயில், எந்த நாளில் செத்தான் என்று கைதிகளின் கணக்கு அநேகமாகத் துல்லியமாக இருக்கிறது. 415 கிலோமீட்டர்ப் பாதையில் 60,000-க்கு மேற்பட்ட கைதிகள் வேலை செய்தார்கள்; 12,000-க்கு மேல் இறந்தார்கள்; அதில் ஆஸ்திரேலியர் 2,800-க்கு மேல்.

மலாயாவிலிருந்து போன கூலிகள் 70,000-க்கு மேல் என்கிறார்கள். பெரும்பாலும் தோட்டத் தமிழர். செத்தவர்களுக்கு ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள், பாதி என்றும் அதற்கு மேல் என்றும். அவர்களுக்கு அதிகாரி இல்லை, டாக்டர் இல்லை, மாலையில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட ஆள் இல்லை. 1943-இல் காலரா வந்தபோது குடிசையோடு கொளுத்தினார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் வந்திராவிட்டால் நம்மில் பலருக்கு இதுவும் வெள்ளைக்காரக் கைதியின் சினிமாக் கதையாகவே நின்றிருக்கும்.

ஆண்டர்சன் 1945-இல் திரும்பினார். அவர் சிறையில் இருந்த வருடங்களில் தென்கிழக்கு ஆஸ்திரேலியா நெடிய வறட்சியில் காய்ந்து கிடந்தது. சில வருடத்தில் காலம் மாறி, கொரியப் போர் சமயம் ஒரு ராத்தல் கம்பளி ஒரு பவுண்டுக்கு விற்றது. பண்ணைக்காரர்கள் புதுக் கார் வாங்கிய காலம். அவர் கன்ட்ரி பார்ட்டி சார்பில் ஹியூம் தொகுதியில் நின்று 1949-இல் வென்றார், 1951-இல் தோற்றார், 1955-இல் மறுபடி வென்று 1961 வரை இருந்தார். மலாயா தளபதிகள் போட்டி போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் பண்ணையும் பாராளுமன்றமுமாக அவர் பாட்டுக்கு இருந்தார். கடைசிக் காலம் கான்பெராவில். 1988 நவம்பர் 11 அன்று, 91 வயதில் இறந்தார். நாடு முழுக்கப் போர்வீரர்களுக்காக மௌனம் காக்கும் நாள் அது. இதற்கு மேல் ஒரு கதாசிரியன் எழுதினால் செயற்கை என்று நாமே அடித்துவிடுவோம். விக்டோரியா கிராஸ் கான்பெரா போர் நினைவகத்தில் இருக்கிறது.

குரோதரிலிருந்து இன்னும் வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் கௌரா. ஆண்டர்சன் ஜப்பானியரின் கைதியாகப் பர்மாவில் தண்டவாளம் சுமந்த அதே காலத்தில், அவருடைய பண்ணைக்குப் பக்கத்து ஊரில் ஜப்பானியக் கைதிகள் இருந்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு, பேஸ்பால் விளையாட்டு. 1944 ஆகஸ்ட் 5 விடியலுக்கு முன் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சாப்பாட்டுக் கத்தியும் பேஸ்பால் மட்டையுமாக இயந்திரத் துப்பாக்கியின் மேல் பாய்ந்தார்கள். 231 ஜப்பானியர் இறந்தார்கள், ஆஸ்திரேலியர் நாலு பேர். தப்பி ஓடியவர்கள் சிலர் ஆட்டுப் பண்ணைகளுக்குள் திரிந்தார்கள். உயிரோடு பிடிபட்டதே அவமானம் என்று கருதியவர்கள் அவர்கள். வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று பலர் போலிப் பெயர் கொடுத்திருந்தார்கள். கல்லறையில் இருப்பதும் அந்தப் பெயர்தான். புல் வெட்டிச் சீராக வைத்திருக்கிறார்கள். முதலில் இந்தக் கல்லறைகளைக் கவனித்துக்கொண்டது உள்ளூர் ஆஸ்திரேலியப் போர்வீரர் சங்கம் என்பதை நண்பர் நம்ப மறுத்தார். பலகையைக் காட்டினேன்.

பொய்ப் பெயருக்கு அடியில் இருப்பவரின் உண்மைப் பெயர் எது என்று தேடும் வேலையும் நடந்திருக்கிறது. முகாம் பதிவேடு இருக்கிறது, கைரேகை இருக்கிறது, தேட ஏதோ ஒரு நுனி இருக்கிறது. நண்பருக்கு மூவார்க் கடைப் பெரியவரைப் பற்றி வழியில் சொல்லியிருந்தேன். வண்டியில் ஏறியதும் கேட்டார்: "தோட்டத்துச் செக்ரோல்னு ஒண்ணு இருக்குமே, அதுல பாக்க முடியாதா?"

"கூலி வாங்கின நாள் வரைக்கும் பேர் இருக்கும்" என்றேன். "ரயிலுக்குப் போன மாசத்துக்குக் கூலி கிடையாது இல்லையா, அதோட நின்னுபோயிருக்கும்."

"அந்தப் பெரியவர்கிட்ட பாட்டனார் பேரையாவது கேட்டீங்களா?"

கேட்டிருந்தேன். முனியாண்டி. அந்த லயத்தில் மூன்று முனியாண்டி இருந்தார்களாம்.